நெட் வரலையா? ரவுட்டர ஆஃப் பண்றதுக்கு முன்னாடி இத படிங்க

சின்ன ஆபீஸ்ல வைஃபை கனெக்ட் ஆகலைன்னாலும் "நெட் இல்ல", பிரிண்டர் பேப்பர் தள்ளலைன்னாலும் "நெட் இல்ல", மாசம் 20ஆம் தேதி சாயங்காலம் ஜிஎஸ்டி சைட் சுத்திக்கிட்டே நின்னாலும் "நெட் இல்ல". உடனே யாராவது எந்திரிச்சுப் போய் ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாங்க. சில நேரம் அது வேலையும் செஞ்சிடும், அதனாலயே யாரும் அதுக்கு மேல யோசிக்கிறதில்ல, கொஞ்ச நாள் கழிச்சு அதே பிரச்சனை திரும்ப வந்து நிக்கும்.

நெட் பிரச்சனைய சரி பண்றதுல முக்கால்வாசி வேலை அது எந்த இடத்துல நிக்குதுன்னு கண்டுபிடிக்கிறது தாங்க. இடம் தெரிஞ்சிட்டா ஒண்ணு அது சின்ன வேலையா இருக்கும், இல்லன்னா நம்ம கையிலயே இல்லாத வேலையா இருக்கும். ரெண்டுல எதுன்னு தெரிஞ்சாலே பாதி டென்ஷன் போயிடும். பத்துப் பதினஞ்சு கம்ப்யூட்டர் இருக்கிற ஆடிட்டர் ஆபீஸ், டிராவல்ஸ், கிளினிக் மாதிரி இடத்த மனசுல வச்சு எழுதுறேன், பெரிய கம்பெனி நெட்வொர்க்குக்கு இது பத்தாது.

## குழாய்ல தண்ணி வரலைன்னா என்ன பண்ணுவோம்

அப்பார்ட்மென்ட்ல கிச்சன் குழாய்ல தண்ணி வரலைன்னா நேரா மெட்ரோ வாட்டருக்கு போன் போட மாட்டோம். பாத்ரூம்ல வருதான்னு பாப்போம். அங்க வந்துச்சுன்னா கிச்சன் குழாய்ல தான் கோளாறு. வீட்ல எங்கயுமே வரலைன்னா எதுத்த வீட்ல கேப்போம், அங்கயும் இல்லன்னா மாடி டேங்க்ல தண்ணி இருக்கான்னு வாட்ச்மேன் அண்ணன கேப்போம், டேங்க் காலின்னா மோட்டார், அப்புறம் சம்ப், தெருவுல வர்ற லைன் எல்லாத்துக்கும் கடைசி.

ஆபீஸ் நெட்டும் இப்படி ஒரு வரிசை தான். உங்க கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு கேபிள் போகும், இல்லன்னா வைஃபை. அந்த கேபிள் எல்லாம் போய்ச் சேர்ற, வரிசையா ஓட்டை இருக்கிற பெட்டிக்கு பேரு ஸ்விட்ச், உள்ளூர் கம்ப்யூட்டர்கள ஒண்ணோட ஒண்ணு சேர்த்து வைக்கிறது மட்டும் தான் அதோட வேலை. ஸ்விட்ச்ல இருந்து ஒரு கேபிள் ரவுட்டருக்கு போகும். உள்ள இருக்கிற ஆபீஸுக்கும் வெளிய இருக்கிற உலகத்துக்கும் நடுவுல நின்னு அங்கயும் இங்கயும் டேட்டாவ மாத்தி விடுறது ரவுட்டர். தெருவுல இருந்து மெல்லிசா வர்ற ஃபைபர் கேபிள் வந்து நுழையுற பெட்டி ஓஎன்டி, கண்ணாடி இழைல வர்ற வெளிச்சத்த மின் சிக்னலா மாத்துறது அது. நம்ம ஊர் கனெக்‌ஷன்ல பெரும்பாலும் ஓஎன்டி, ரவுட்டர், வைஃபை மூணும் ஒரே பெட்டிக்குள்ளயே வந்துடுது, அதனால தான் எல்லாரும் அத "மோடம்"னு ஒரே பேர்ல கூப்பிட்டுட்டு இருக்கோம். பெட்டி ஒண்ணா இருந்தாலும் உள்ள வேலை வேற வேற, கோளாறும் தனித்தனியா தான் வரும்.

## வைஃபை ஃபுல்லா இருக்கு, ஆனா நெட் வரல

ரொம்ப பேர் குழம்புற இடம் இது. போன்ல காட்டுற வைஃபை கோடு உங்க போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவுல சிக்னல் எப்படி இருக்குன்னு மட்டும் தான் சொல்லும். ரவுட்டருக்கு அந்தப் பக்கம் ஃபைபர எலி கடிச்சுப் போட்டிருந்தாலும் கோடு ஃபுல்லா தான் காட்டும்.

இதுக்கு நேர் எதிரும் நடக்கும். நெட் போயிடும், ஆனா கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேர் ஓடும், பக்கத்து ரூம் பிரிண்டர்ல பிரிண்ட் வரும். ஏன்னா டேலி டேட்டா உங்க ஆபீஸ்லயே ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கு, அதுக்கு ஸ்விட்ச் வரைக்கும் போனா போதும், ரவுட்டர தாண்டவே வேணாம். இந்த உள்ளூர் வலைக்கு பேரு லேன். அதனால "நெட் வரல"ன்னு யாராவது சொன்னா, "டேலி ஓடுதா, பிரிண்ட் போகுதா?"ன்னு திருப்பிக் கேளுங்க. ஓடுதுன்னா உங்க கேபிளும் ஸ்விட்சும் நல்லா இருக்கு, பிரச்சனை ரவுட்டர்லயோ அதுக்கு வெளியவோ. ஓடலைன்னா கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி புண்ணியம் இல்ல, கோளாறு ஆபீஸுக்குள்ளயே தான்.

## எத்தனை பேருக்கு வரல?

அடுத்து இந்தக் கேள்வி. ஒருத்தருக்கு மட்டும்னா அவர் கம்ப்யூட்டர், அவர் கேபிள். ஒரு வரிசைல உக்காந்திருக்கிற நாலு பேருக்கும் சேந்து இல்லன்னா அவங்க மேஜைக்கு அடியில கிடக்கிற குட்டி ஸ்விட்ச பாருங்க, அதோட அடாப்டர் கூட்டுறப்போ தட்டி கழண்டிருக்கும். கேபிள்ல இருக்கிறவங்களுக்கு வருது, வைஃபைல இருக்கிறவங்களுக்கு மட்டும் வரலைன்னா அது வைஃபை பிரச்சனை. ஆபீஸ் மொத்தத்துக்கும் இல்லன்னா தான் ரவுட்டர், ஓஎன்டி பக்கம் போகணும்.

கேக்கும்போது ஒரு பொறி இருக்கு. "எனக்கு போன்ல நல்லா வருதே சார்"னு ஒருத்தர் சொல்லுவார். வைஃபைல நெட் இல்லன்னு தெரிஞ்சதும் போன் சத்தமில்லாம மொபைல் டேட்டாவுக்கு மாறியிருக்கும், அவருக்கே தெரியாது. மொபைல் டேட்டாவ ஆஃப் பண்ணிட்டு பாக்கச் சொல்லுங்க.

ஒரே ஒரு வெப்சைட் மட்டும் எல்லாருக்கும் வரலைன்னா அது அந்த சைட்டோட பிரச்சனை. ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய கடைசித் தேதில லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்துல உக்காந்தா போர்ட்டல் திணறும், அதுக்கு நீங்க ரவுட்டர என்ன பண்ணாலும் ஒண்ணும் ஆகாது.

ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் எந்த சைட்ட திறந்தாலும் "கனெக்‌ஷன் பிரைவேட் இல்ல"ன்னு சிவப்பா வந்தா கீழ் மூலைல தேதிய பாருங்க. பழைய கம்ப்யூட்டர்ல மதர்போர்டு மேல இருக்கிற காசு சைஸ் பேட்டரி தீந்துபோனா தேதி பல வருஷம் பின்னாடி போயிடும். வெப்சைட் ஒவ்வொண்ணும் காட்டுற பாதுகாப்பு சர்டிஃபிகேட்டுக்கு ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி உண்டு, உங்க கம்ப்யூட்டர் 2015ல வாழ்ந்துக்கிட்டு இருந்தா அதுக்கு எல்லா சர்டிஃபிகேட்டும் செல்லாததா தான் தெரியும். தேதிய மாத்துனா சரியாயிடும், சிஆர்2032 பேட்டரி ஒண்ணு வாங்கிப் போட்டா திரும்ப வராது.

இதுவரைக்கும் பாத்தது: வைஃபை கோடு ரவுட்டர் வரைக்கும் தான் சாட்சி. டேலி, பிரிண்டர் ஓடுதான்னு பாத்தா லேன் நல்லா இருக்கான்னு தெரியும். எத்தனை பேருக்கு இல்லன்னு பாத்தா எங்க தேடணும்னு தெரியும். இது வரைக்கும் ஒரு கமாண்டும் தேவைப்படல பாருங்க.

## லைட்டும் கேபிளும்

ஓஎன்டி பெட்டில ரெண்டு லைட்ட மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. பான் (PON)னு போட்டிருக்கிற லைட் பச்சையா விடாம எரியணும். எல்ஓஎஸ் (LOS)னு போட்டிருக்கிறது எரியவே கூடாது, அது சிவப்பா எரிஞ்சாலோ மின்னினாலோ தெருவுல இருந்து வெளிச்சம் வந்து சேரலைன்னு அர்த்தம். ஃபைபர் எங்கயோ அறுந்திருக்கு, இல்ல பெட்டிக்குப் பின்னாடி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல மடங்கி நசுங்கிக் கிடக்கு. ஃபைபருக்குள்ள இருக்கிறது கண்ணாடி, அத செப்புக் கம்பி மாதிரி சுருட்டி ஆணில மாட்டக் கூடாது. பின்னாடி கனெக்டர் லூஸா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு நேரா கம்ப்ளெயின்ட் குடுங்க, மத்ததெல்லாம் நேர விரயம்.

கம்ப்யூட்டர் பக்கத்துல, கேபிள் நுழையுற ஓட்டைக்குப் பக்கத்துலயே குட்டி லைட் இருக்கும். அது எரியலைன்னா அந்த கேபிள் வழியா எதுவுமே வரலைன்னு அர்த்தம். கேபிள் முனைல இருக்கிற பிளாஸ்டிக் கிளிப் உடைஞ்சு போயி செல்லோடேப் ஒட்டி வச்சிருப்பாங்க, நாற்காலி சக்கரம் தினமும் ஏறி இறங்கும் இடமா இருக்கும். உள்ள எட்டு கம்பி நாலு ஜோடியா இருக்கு, ஒரு ஜிபிபிஎஸ் (அதாவது 1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு எட்டும் வேணும், 100 எம்பிபிஎஸ்க்கு நாலு கம்பி போதும். அதனால மத்த நாலுல ஒரு கம்பி அறுந்தா பெரும்பாலும் நெட் போகாது, வேகம் மட்டும் 100க்கு இறங்கிடும். 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் ஒரே ஒரு சீட்ல மட்டும் 94, 95க்கு மேல ஏறவே மாட்டேங்குதுன்னா கேபிள மாத்திப் பாருங்க (கம்ப்யூட்டரோ ஸ்விட்சோ ரொம்ப பழசா இருந்தாலும் இதே நம்பர் தான் வரும்).

இன்னொரு விநோதமான கோளாறு இருக்கு. யாரோ தரைல கிடக்கிற கேபிளோட முனைய பாத்து, கழண்டு கிடக்கு போலன்னு ஸ்விட்ச்ல சொருகிடுவாங்க, இன்னொரு முனையும் ஏற்கனவே அதே ஸ்விட்ச்ல இருக்கும். இப்போ எல்லாருக்கும்னு அனுப்புற செய்தி ஒண்ணு அந்த வளையத்துக்குள்ள போயி ஸ்விட்ச்சே அத திரும்பத் திரும்ப நகல் எடுத்து அனுப்பிக்கிட்டே இருக்கும், சில நொடில மொத்த ஆபீஸும் ஸ்தம்பிச்சிடும். டேலி போச்சு, பிரிண்டர் போச்சு, ஸ்விட்ச்ல எல்லா லைட்டும் ஒரே தாளத்துல பைத்தியம் பிடிச்ச மாதிரி மின்னும். ஒவ்வொரு கேபிளா பிடுங்கிப் பாருங்க, குற்றவாளிய பிடுங்கின உடனே லைட் எல்லாம் அடங்கி தன்பாட்டுக்கு மின்ன ஆரம்பிக்கும்.

## ஐபி அட்ரஸ்: யாரு குடுக்கிறா

கேபிள் நல்லா இருக்கு, லைட் எரியுது, ஆனாலும் வரல. இப்போ தான் கமாண்டு. ஸ்டார்ட்ல சிஎம்டி (cmd)ன்னு தேடி அந்த கறுப்பு விண்டோவ திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig)னு இடைவெளி விடாம அடிச்சு என்டர் தட்டுங்க. நிறைய வரி ஓடும், அதுல ஐபிவி4 அட்ரஸ், டீஃபால்ட் கேட்வே ரெண்ட மட்டும் பாருங்க.

ஐபி அட்ரஸ்ங்கிறது நெட்வொர்க்ல உங்க கம்ப்யூட்டருக்கு உள்ள நம்பர், யார்கிட்ட இருந்து வந்துச்சு யாருக்குப் போகணும்னு டேட்டா ஒவ்வொண்ணும் இந்த நம்பர வச்சு தான் போகுது. கேட்வேங்கிறது வெளிய போறதுக்கு கதவா இருக்கிற ரவுட்டரோட நம்பர். சின்ன ஆபீஸ்ல பெரும்பாலும் 192.168னு தான் ஆரம்பிக்கும், ரவுட்டர் 192.168.1.1, உங்க கம்ப்யூட்டர் 192.168.1.105ன்னு இருக்கும். இந்த நம்பர யாரும் உக்காந்து எழுதிக் குடுக்கிறதில்ல, ரவுட்டர்ல ஓடுற டிஹெச்சிபின்னு ஒரு சேவை, புதுசா வர்ற ஒவ்வொரு மெஷினுக்கும் காலியா இருக்கிற நம்பர குறிப்பிட்ட நேரத்துக்கு வாடகைக்கு விடுது, பல ரவுட்டர்ல 24 மணி நேரம்.

ஐபிகான்ஃபிக்ல 169.254னு ஆரம்பிக்கிற நம்பர் வந்தா, உங்க கம்ப்யூட்டர் நம்பர் கேட்டுப் பாத்து யாரும் பதில் சொல்லாததால தானே ஒண்ணு போட்டுக்கிச்சு. அதாவது ரவுட்டர் வரைக்கும் பேச்சு போகல, கேபிள்ல கோளாறு. இல்லன்னா ரவுட்டர்கிட்ட குடுக்க நம்பர் மிச்சம் இல்ல: யாரோ செட் பண்ணும்போது இருபது நம்பர் போதும்னு வச்சிருப்பாங்க, இப்போ ஆளுக்கு ஒரு போன், சிசிடிவி, பிரிண்டர், வந்து போற கிளையன்ட் போன்னு எல்லாம் சேந்து தீந்திருக்கும்.

இதவிட ஆள அலைய விடுற கேஸ் ஒண்ணு இருக்கு, சின்ன ஆபீஸ்ல நிறைய நடக்கும். மேனேஜர் ரூம்ல வைஃபை சரியா எடுக்கல. வீட்ல சும்மா கிடந்த பழைய ரவுட்டர ஒருத்தர் கொண்டு வந்து சுவத்துல இருக்கிற கேபிள அதோட லேன் ஓட்டைல சொருகிடுவார். வைஃபை அருமையா எடுக்கும், எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் காலைல ரெண்டு பேருக்கு நெட் வராது, மத்தியானம் வேற ஒருத்தருக்கு, ரீஸ்டார்ட் பண்ணா சில நேரம் வரும் சில நேரம் வராது, "காத்து கருப்பு அடிச்ச மாதிரி இருக்கு சார்"னு புலம்புவாங்க. என்ன நடக்குதுன்னா அந்தப் பழைய ரவுட்டர்லயும் டிஹெச்சிபி ஓடிக்கிட்டு இருக்கு. இப்போ ஆபீஸ்ல நம்பர் குடுக்கிறவங்க ரெண்டு பேர், புதுசா கேக்கிற கம்ப்யூட்டருக்கு யார் பதில் முதல்ல வருதோ அதைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கும். பழைய ரவுட்டர்கிட்ட வாங்கினவங்களுக்கு 192.168.0.12ன்னு வேற வரிசைல நம்பர், கேட்வே 192.168.0.1. அந்தக் கதவுக்குப் பின்னாடி இன்டர்நெட்டே கிடையாது, சுவர் தான்.

கண்டுபிடிக்க வழி: நெட் வர்ற கம்ப்யூட்டர் ஒண்ணுலயும் வராத ஒண்ணுலயும் ஐபிகான்ஃபிக் போட்டு கேட்வேய ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் வேற வேறன்னா ரெண்டாவது ரவுட்டர் எங்கயோ ஒளிஞ்சிருக்கு. தூக்கிப் போடணும்னு அவசியம் இல்ல, அதுல டிஹெச்சிபிய ஆஃப் பண்ணி, அதோட சொந்த நம்பர 192.168.1.2 மாதிரி வேற யாருக்கும் போகாத ஒண்ணா மாத்திட்டா வெறும் வைஃபை பெட்டியா நல்லபடியா உழைக்கும்.

## பிங்: எது வரைக்கும் போகுது

பிங்ங்கிறது "இருக்கியா?"ன்னு ஒரு சின்ன செய்தி அனுப்பி "இருக்கேன்"னு பதில் வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அளக்கிற கமாண்டு. 1983ல மைக் மூஸ்னு ஒரு அமெரிக்கர் எழுதினது, இன்னைக்கும் இதுக்கு மிஞ்சின கருவி இல்லன்னு தான் சொல்லுவேன்.

அதே கறுப்பு விண்டோல பிங் (ping)னு அடிச்சு ஒரு இடம் விட்டு கேட்வே நம்பர போடுங்க. பதில் வரலைன்னா பிரச்சனை ஆபீஸுக்குள்ள. பதில் வந்தா அடுத்து 8.8.8.8 போடுங்க, அது கூகுள் நடத்துற பொது சர்வர், எப்பவும் விழிச்சிருக்கும். கேட்வே பதில் சொல்லுது, 8.8.8.8 சொல்லலைன்னா ரவுட்டருக்கு அந்தப் பக்கம் தான் அடைப்பு. ரெண்டும் பதில் சொல்லுது, ஆனா பிரவுசர்ல ஒண்ணும் திறக்கலைன்னா அடுத்த தலைப்புக்கு வாங்க. ஆனா பக்கத்து சீட் கம்ப்யூட்டர பிங் பண்ணி பதில் வரலைன்னு பயந்துடாதீங்க, விண்டோஸ் ஃபயர்வால் பல நேரம் பிங்குக்கு பதில் சொல்ல விடாது.

## டிஎன்எஸ்: பேர நம்பரா மாத்துறது

நாம கூகுள் டாட் காம்னு பேர் அடிக்கிறோம், ஆனா நெட்வொர்க்குக்கு நம்பர் தான் புரியும். பேருக்கு என்ன நம்பர்னு கேட்டுச் சொல்ற ஏற்பாடு தான் டிஎன்எஸ். இங்க தண்ணிக் குழாய் உதாரணம் செல்லாது, ஏன்னா இதுல லைன் முழுசும் நல்லா தான் இருக்கும், போக வேண்டிய விலாசம் மட்டும் கிடைக்காது.

பெரிய உதாரணம் 2021 அக்டோபர் 4. நம்ம நேரத்துக்கு ராத்திரி ஒம்பது மணி சுமாருக்கு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஒண்ணா படுத்துடுச்சு, ஏறக்குறைய ஆறு மணி நேரம். பராமரிப்பு வேலை நேரத்துல குடுத்த ஒரு கமாண்டால ஃபேஸ்புக் டேட்டா சென்டர்களுக்கு நடுவுல இருந்த இணைப்பே அறுந்து, அவங்க டிஎன்எஸ் சர்வருங்களுக்குப் போற வழியும் இன்டர்நெட்ல இருந்து மறைஞ்சு போச்சு. அந்தப் பேருக்கு நம்பர் சொல்ல ஆள் இல்ல. அன்னிக்கு எத்தனையோ வீட்ல ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு இருந்திருப்பாங்க, யூடியூப் ஓடுதான்னு ஒரு தடவை பாத்திருந்தா அந்த வேலை மிச்சம்.

உங்க ஆபீஸ்ல இது வர்றது பெரும்பாலும் கனெக்‌ஷன் குடுத்த கம்பெனியோட டிஎன்எஸ் தூங்கிடும்போது. 8.8.8.8ஐ பிங் பண்ணா வருது, கூகுள் டாட் காம்னு பேர் போட்டு பிங் பண்ணா "கண்டுபிடிக்க முடியல"ன்னு வருதுன்னா சந்தேகமே வேணாம், இது தான். நாம பிங் பண்ண கூகுளோட 8.8.8.8ம் ஒரு டிஎன்எஸ் சர்வர் தான், ரவுட்டர் செட்டிங்ஸ்ல டிஎன்எஸ் இடத்துல அத போட்டு, இன்னொண்ணுக்கு கிளவுட்ஃபிளேர்ங்கிற கம்பெனியோட 1.1.1.1 போட்டுக்கலாம்.

இந்தப் பாதில பாத்தது: 169.254 வந்தா நம்பரே கிடைக்கல. கேட்வே வேற வேறயா இருந்தா நம்பர் குடுக்க ரெண்டு பேர். கேட்வே பிங் வரலைன்னா உள்ள, 8.8.8.8 வரலைன்னா வெளிய, பேர் மட்டும் வரலைன்னா டிஎன்எஸ்.

## நெட் இருக்கு, ஆனா ஆமை வேகம்

முதல்ல கணக்கு. 100 எம்பிபிஎஸ்ங்கிறது பிட் கணக்கு, டவுன்லோட் பண்ணும்போது காட்டுறது பைட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட். அப்போ 100 எம்பிபிஎஸ் பிளான்ல செகண்டுக்கு 12.5 எம்பிக்கு மேல வராது, அது ஏமாத்து வேலை இல்ல.

வைஃபைல மட்டும் ஸ்லோன்னா 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கீங்களா 5ல இருக்கீங்களான்னு பாருங்க. 2.4 தூரம் போகும், ஆனா அக்கம்பக்கத்து ஆபீஸ் ரவுட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் எல்லாம் அங்க தான் முட்டிக்கும். 5 வேகம், ஆனா ரெண்டு சுவர தாண்டுறதுக்குள்ள களைச்சுப் போயிடும்.

கேபிள்லயும் எல்லாருக்கும் ஸ்லோன்னா அப்லோட சந்தேகப்படுங்க, இத யாரும் கவனிக்கிறதே இல்ல. டவுன்லோட் பண்ணும்போது "இது வரைக்கும் வந்து சேந்துச்சு"ன்னு உங்க கம்ப்யூட்டர் திருப்பி தகவல் அனுப்பிக்கிட்டே இருக்கணும், அது வந்தா தான் அந்தப் பக்கத்து சர்வர் அடுத்தத அனுப்பும். சிசிடிவி ரெக்கார்டர் கிளவுடுக்கு ஏத்துது, ஒருத்தர் கல்யாண போட்டோ மொத்தத்தையும் பேக்கப் போட்டிருக்கார்னா அப்லோட் பாதை நெரிசலாகி இந்தக் குட்டித் தகவல் எல்லாம் கியூல நிக்கும், டவுன்லோடும் சேந்து படுத்துடும். பிங் 8.8.8.8 போட்டு அதுக்குப் பின்னாடி ஒரு இடம் விட்டு மைனஸ் டி (-t)ன்னு சேத்தா விடாம ஓடும். வழக்கமா 10, 20 மில்லிசெகண்ட் வர்ற இடத்துல 300, 400ன்னு குதிச்சா ஒவ்வொரு மெஷினா கழட்டிப் பாருங்க, யாரு கழண்டதும் நம்பர் இறங்குதோ அவங்க தான்.

## ரீஸ்டார்ட் பண்ணலாமா

தாராளமா பண்ணுங்க, ஆனா மேல சொன்னத பாத்துட்டு பண்ணுங்க, ஏன்னா ரீஸ்டார்ட் பண்ணதும் தடயம் எல்லாம் அழிஞ்சிடும். ஓஎன்டி தனியா இருந்தா முதல்ல அத போட்டு பான் லைட் நிலையா நின்னதும் ரவுட்டர போடுங்க.

ரீஸ்டார்ட் வேற, ரீசெட் வேற. பின்னாடி ஊசி நுழையுற சின்ன ஓட்டை இருக்கே, அதுல பின்ன விட்டு பத்து செகண்ட் அமுக்கினா வைஃபை பேர், பாஸ்வேர்டு, கனெக்‌ஷன் லாகின் எல்லாம் துடைச்சுப் போயி கடைல வாங்கின நிலைக்கு வந்துடும். பல கனெக்‌ஷன்ல ரவுட்டருக்குள்ள ஒரு யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டா தான் நெட்டே வரும், அது உங்ககிட்ட எழுதி வச்சிருக்கான்னு பாத்துக்கோங்க. இல்லன்னா இன்னைக்கே போன் பண்ணி வாங்கி வைங்க.

## கஸ்டமர் கேர்ல என்ன சொல்லணும்

"நெட் வரல"ன்னு சொன்னா "ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்"னு தான் பதில் வரும், அவங்கள சொல்லி குத்தமில்ல, அவங்க கையில இருக்கிற பேப்பர்ல முதல் வரி அது. அதுக்கு பதிலா "எல்ஓஎஸ் சிவப்பா இருக்கு, காலைல பத்தரைல இருந்து"ன்னு சொல்லுங்க. இல்ல "பான் பச்சை, கேட்வே பிங் வருது, 8.8.8.8 வரல, கேபிள்ல போட்டுப் பாத்துட்டேன்"னு சொல்லுங்க. கேபிள்ல பாத்தீங்களான்னு கண்டிப்பா கேப்பாங்க, வைஃபைல மட்டும் பாத்துட்டு போன் பண்ணா "உங்க வைஃபை பிரச்சனை சார்"னு கம்ப்ளெயின்ட்ட அங்கயே மூடிடுவாங்க. கம்ப்ளெயின்ட் நம்பர எழுதிக்கோங்க, லைட் எரியுறத போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, லைன்மேன் வர்ற நேரத்துல சில சமயம் தானா பச்சையாகி "எல்லாம் நல்லா தானே சார் இருக்கு"ன்னு அவர் கிளம்பப் பாப்பார்.